இரண்டு ஆசிரியர்களுக்கான வீடு

ஸ்கார்வெய் தீவு,
ஆகஸ்ட் 20, 1981

சிக்னே,

உன் பெட்டி இங்கே இருக்கிறது. நீ இல்லை. அதை எங்கே வைப்பதென்று தெரியாமல் கூடத்திலேயே விட்டிருக்கிறேன். போகும்போதும் வரும்போதும் காலில் இடிக்கிறது.

பூடோ துறையில் கப்பல் மணி அடித்த பிறகு, "நான் வரல ஹால்வர், என்னால டீச்சரா இருக்க முடியாது" என்றாய். நான் சிரித்தேன். விளையாடுகிறாய் என்று நினைத்தேன். நடைபலகையை எடுத்த பிறகுதான் உன் முகத்தைச் சரியாகப் பார்த்தேன். மூன்று வருடம் ஒரே வகுப்பில் படித்தோம். இந்த வேலைக்கு ஒரே விண்ணப்பத்தில் இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டோம். இந்தத் தீவைத் தேர்ந்தெடுத்ததே நீதான். வரைபடத்தில் விரலை வைத்து, "இங்க போலாம், இங்க யாரும் வரமாட்டாங்க" என்று சொன்னவள் நீ.

இங்கே துறையில் பாதி ஊர் நின்றுகொண்டிருந்தது. பிள்ளைகள் ஒரு படுக்கை விரிப்பில் நம் இருவர் பெயரையும் வண்ணத்தில் எழுதிப் பிடித்திருந்தார்கள். பள்ளிக் குழுத் தலைவி போர்கில்ட், தபால் நிலையமும் அவள் பொறுப்பில்தான், கிரீம் கேக் செய்து வைத்திருந்தாள். எல்லோரும் எனக்குப் பின்னால் பார்த்தார்கள். "உடம்பு சரியில்லை, அடுத்த கப்பலில் வருவாள்" என்று சொல்லிவிட்டேன். அன்றிலிருந்து தினமும் யாராவது உன் உடம்பைப் பற்றி விசாரிக்கிறார்கள். ஒருவர் உனக்காக ஜாம் கொடுத்துவிட்டுப் போனார். அதை நான் தின்றுகொண்டிருக்கிறேன்.

இன்னொன்றும் உனக்குத் தெரிய வேண்டும். அடுத்த கோடைக்குள் இரண்டாவது ஆசிரியர் வராவிட்டால் மேல்வகுப்புப் பிள்ளைகள் அக்கரையில் விடுதியில் தங்கிப் படிக்க வேண்டுமாம். பத்து வயதுப் பிள்ளைகள்.

ஒரே ஒரு கேள்வி கேட்கிறேன். உனக்கு வேண்டாம் என்று தோன்றியது வேலையா, நானா?

ஹால்வர்


ரெய்ன்விக்,
செப்டம்பர் 8, 1981

ஹால்வர்,

உன் கேள்விக்கு முதலில் பதில். நீ அல்ல.

இதைத் தொலைபேசியில் சொல்லலாம் என்று இரண்டு முறை கூப்பிட்டேன். பள்ளிக்கூட நடையில் யாரோ குழந்தை எடுத்து, "சார் சாப்பிடறாரு, நீங்க யாரு?" என்று கேட்டது. வைத்துவிட்டேன். நான் யாரென்று அந்தக் குழந்தைக்கு என்ன சொல்ல?

போன வசந்தத்தில் பூடோவில் பயிற்சி வகுப்பு எடுத்தேன் அல்லவா? எல்லோரும் பாராட்டினார்கள். மேற்பார்வைக்கு வந்த பெண் அதிகாரி, நான் பிறவி ஆசிரியை என்றே எழுதிக் கொடுத்தார். நீயும் அன்று எனக்குப் பூ வாங்கி வந்தாய். அன்று மாலை அறைக்கு நடந்து போகும்போது வகுப்பில் யார் யார் இருந்தார்கள் என்று நினைத்துப் பார்த்தேன். ஒரு முகமும் வரவில்லை. என் குரல் மட்டும் காதில் கேட்டுக்கொண்டிருந்தது. தெளிவான, அன்பான, ஏற்ற இறக்கத்தோடு பேசும் குரல்.

களைப்பாக இருக்கும் என்று நினைத்தேன். மறுநாளும் அப்படித்தான். ஒரு பையன் அழுதான். பக்கத்தில் முட்டிபோட்டு உட்கார்ந்து ரொம்ப அழகாக ஆறுதல் சொன்னேன். அடுத்த வாரம் அவன் பெயர் எனக்கு நினைவில்லை. இப்படிப்பட்ட ஒருத்தி ஓய்வு பெறும்வரை பிள்ளைகள் முன்னால் நிற்கக் கூடாது, ஹால்வர். பிள்ளைகளுக்கு ஒன்றும் தெரியாமல் போகலாம். எனக்குத் தெரியும்.

உன்னிடம் முன்பே சொல்லியிருக்கலாமே என்பாய். எந்த ஜன்னலோரம் யார் மேசை போடுவது என்று நீ பேசிக்கொண்டிருந்தாய். உன் பேச்சில் அந்த வீட்டுக்கு அடுப்பு வந்தது, திரைச்சீலை வந்தது. அதை எப்படி நிறுத்துவது என்று எனக்குத் தெரியவில்லை.

இங்கே மீன் ஆலையில் வேலைக்குச் சேர்ந்திருக்கிறேன். கோட் மீனைப் பிளந்து முள் எடுக்கிற மேசை. ரப்பர் அங்கி, ரப்பர் பூட்ஸ். அடுத்து என்ன என்று தெரியாது. அம்மா என்னோடு பேசுவதில்லை. போன் எடுத்தால் அப்பாவிடம் கொடுத்துவிடுகிறாள்.

அந்த ஊர்க்காரர்களிடம் உண்மையைச் சொல்லிவிடு. நான் நோயாளி இல்லை.

சிக்னே


ஸ்கார்வெய்,
அக்டோபர் 11, 1981

சிக்னே,

சொல்லிவிட்டேன். பள்ளிக் குழுக் கூட்டத்தில் எழுந்து நின்று, அவளுக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை, ஆசிரியராக விருப்பமில்லை, அதனால் வரவில்லை என்றேன். போர்கில்ட்தான் கடைசியில், "பிடிக்காம வந்து உக்காந்து புள்ளைங்க மேல எரிஞ்சு விழறதுக்கு, வராததே தேவலாம்" என்றாள். பிறகு என்னைப் பார்த்து, "ஆனா உங்ககிட்ட அந்தப் பொண்ணு முன்னாடியே சொல்லியிருக்கணும்" என்றாள். இரண்டுக்கும் தலையாட்டினேன்.

இப்போது போர்கில்ட்டே காலையில் தபாலைப் பிரித்துவிட்டு வந்து சின்னப் பிள்ளைகளுக்கு எழுத்துச் சொல்லிக் கொடுக்கிறாள். படிப்பு முடித்தவள் இல்லை என்பதால் அரசாங்கக் கணக்கில் அவள் ஆசிரியர் இல்லை. நான் மேல்வகுப்பைப் பார்த்துக்கொள்கிறேன்.

பெட்டியை வெள்ளிக்கிழமைக் கப்பலில் அனுப்பியிருக்கிறேன். அதைத் துறைவரை தூக்கி வந்து கொடுத்தவர் ஆர்னுல்ஃப். தனியாளாக ஒரு படகு வைத்து மீன் பிடிக்கிறார். பள்ளிக்கு விறகு போடுவதும் அவர்தான். அவர் மகள் யோருன் என் வகுப்பில் இருக்கிறாள். படகுக்கும் அவள் பெயரையே வைத்திருக்கிறார். கேள்வி கேட்டே என்னைக் கொல்கிறாள். நேற்று, பூமி சுற்றுகிறதென்றால் ஏன் நம் கப்பல் தினமும் ஒரே இடத்தில் வந்து நிற்கிறது என்று கேட்டாள்.

உன் காரணத்தைப் பலமுறை படித்தேன். புரிகிறது என்று எழுதினால் பொய். மீன் தலையை வெட்டவா மூன்று வருடம் படித்தாய்? அந்த மேசையில் மீன்களின் முகமாவது நினைவில் நிற்கிறதா?

ஹால்வர்


ரெய்ன்விக்,
நவம்பர் 15, 1981

ஹால்வர்,

பெட்டி வந்தது. உன் கடைசி வரியும் வந்தது. அந்த வரியை எழுதிவிட்டு உறையை ஒட்டும்போது உனக்குக் கொஞ்சம் சந்தோஷமாக இருந்திருக்கும். இருக்கட்டும்.

மீன் மேசையில் என்னோடு நிற்பவர்களை இனி அப்படிப் பேசாதே. குளிரில் விரல் வெடித்து நிற்கிற பெண்கள். அவர்களில் யாரும் நான் ஏன் படித்ததை விட்டேன் என்று இதுவரை கேட்கவில்லை.

நான் இப்போது அங்கே இல்லை. நடந்ததைச் சொல்கிறேன்.

இங்கே துறைமுகத்தில் மீட்புப் படகு ஒன்று எப்போதும் நிற்கும். கடலில் யாராவது மாட்டிக்கொண்டால் போகிற படகு. மூன்று பேர் வேலை. அதில் ஒருவர் படியில் வழுக்கித் தோளை உடைத்துக்கொண்டார். படகுத் தலைவர் ஓட்வார் ஆலையின் சாப்பாட்டு அறைக்கு வந்து, தொப்பியைக்கூடக் கழற்றாமல், "அலையில வாந்தி எடுக்காத ஆளு யாராவது இருக்கீங்களா?" என்று கேட்டார். நான் கையைத் தூக்கினேன். எல்லோரும் சிரித்தார்கள்.

"நீயாம்மா? என்ன படிச்சிருக்க?"

"டீச்சர் படிப்பு."

"நல்லதாப் போச்சு. கிறிஸ்டெனுக்கு எழுத்துக் கூட்டத் தெரியாது. சமைப்பியா?"

"சுமாரா."

"இப்ப நாங்க தின்றதைவிட சுமாரா இருக்க முடியாது. வா."

கிறிஸ்டென் எஞ்சின் பார்க்கிறவர். எழுத்துக் கூட்ட நன்றாகவே தெரியும். இரண்டு பேரும் என்னை டீச்சரம்மா என்றுதான் கூப்பிடுகிறார்கள். காப்பி தண்ணியாக இருந்தால், "டீச்சரம்மா இன்னிக்கு நமக்குத் தண்டனை குடுத்திருக்காங்க" என்பார்கள்.

மூன்றாம் நாள் ஒரு படகின் சுழல்விசிறியில் வலை சுற்றிக்கொள்ள, அலை அதைப் பாறைப் பக்கம் தள்ளிக்கொண்டு போனது. கயிறு எறிந்து இழுத்து வந்தோம். பின்தளத்தில் நின்று கயிற்றைப் பார்த்துக்கொள்வது என் வேலை. ரொம்ப இறுகினால் கத்த வேண்டும், தளர்ந்தாலும் கத்த வேண்டும். அவ்வளவு நேரமும் ஒருவரும் என்னைப் பார்க்கவில்லை. எல்லோரும் கயிற்றைப் பார்த்தார்கள். நானும்தான். கரைக்கு வந்து கயிற்றைச் சுருட்டி வைத்தேன். எனக்கு இப்படி இருக்கவும் தெரியும் என்று அப்போதுதான் தெரிந்தது.

தோள் உடைந்தவர் திரும்பி வரப் போவதில்லை என்கிறார்கள். ஓட்வார் என்னை வைத்துக்கொள்வாரா என்று கேட்க பயமாக இருக்கிறது. கேட்காமலே வேலைக்குப் போய்க்கொண்டிருக்கிறேன்.

உன் யோருனுக்கு என்ன பதில் சொன்னாய்?

சிக்னே


ஸ்கார்வெய்,
டிசம்பர் 9, 1981

சிக்னே,

அந்த வரிக்காக வெட்கப்படுகிறேன். நீ சொன்னது சரி, எழுதும்போது சந்தோஷமாகத்தான் இருந்தது. அடுத்த நாள்வரைகூட அது நிற்கவில்லை.

யோருனுக்குச் சரியான பதில் சொன்னேன். பூமியோடு கடலும் கப்பலும் நாமும் சேர்ந்தே சுற்றுகிறோம் என்றேன். "அப்ப சுத்துதுன்னு யாருக்குத்தான் சார் தெரியும்?" என்றாள். மாலையில் விறகு கொண்டு வந்த ஆர்னுல்ஃபிடம் இதைச் சொன்னேன். "வீட்லயும் இதே கதைதான் சார். நீங்க சம்பளம் வாங்கறீங்க, நான் சும்மா கேட்டுக்கிட்டிருக்கேன்" என்றார்.

வெயில் போய்விட்டது. நடுப்பகலில் மலைக்குப் பின்னால் கொஞ்சம் சிவப்பு தெரியும், அவ்வளவுதான். பிள்ளைகளின் ஈரக் கையுறைகளை அடுப்பு மேலே கயிற்றில் தொங்கவிடுகிறேன். அறை முழுக்க கம்பளி நாற்றம். எனக்கு இந்த வேலை பிடித்திருக்கிறது. சும்மா சொல்லவில்லை. தூங்கப் போகும்போது ஒவ்வொரு முகமும் வருகிறது. நீ எழுதியது எனக்குப் புரிய ஆரம்பித்தது அப்படித்தான். எனக்கு வருவது உனக்கு வரவில்லை என்றால், நீ சொன்னது நொண்டிச் சாக்கு இல்லை.

கிறிஸ்துமஸுக்கு வா. வேலைக்காக இல்லை, சும்மா வா. போர்கில்ட் உன்னை ஒன்றும் செய்யமாட்டாள். ஒருமுறை பார்க்க வேண்டும் என்றாள்.

ஹால்வர்


ஸ்கார்வெய்,
ஜனவரி 24, 1982

சிக்னே,

கிறிஸ்துமஸுக்கு நீ வராததைப் பற்றி ஒரு கடிதம் எழுதி வைத்திருந்தேன். கிழித்துவிட்டேன். இது வேறு.

வியாழக்கிழமை காலையில் ஆர்னுல்ஃப் வலை எடுக்கப் போனார். காற்று மத்தியானத்துக்கு மேல்தான் எழும் என்றிருந்தது. முன்னாலேயே எழுந்துவிட்டது. பள்ளி விடும் நேரத்துக்குள் எல்லாப் படகும் வந்தாயிற்று, அவருடையதைத் தவிர. யோருனின் அம்மா கெர்த் அக்கரை மருத்துவமனையில் வேலை செய்கிறாள். கடல் இருந்த இருப்பில் அவளால் வர முடியாது. இங்கே சாவுச் செய்தியை வீட்டாருக்குச் சொல்வது பாதிரியார், அவரும் அந்தக் கரையில்தான். மற்ற பிள்ளைகளை வீட்டார் வந்து கூட்டிப் போனார்கள். யோருன் வகுப்பிலேயே இருந்தாள். ஆர்னுல்ஃபின் அக்கா அவளோடு உட்கார்ந்தாள். நான் முற்றத்தைத் தாண்டி போர்கில்ட் வீட்டுக்குப் போனேன்.

அங்கே சமையலறையில் ரேடியோ. படகுகள் ஒன்றோடொன்று பேசுவது அதில் கேட்கும். ஆண்கள் ஈர உடுப்போடு சுவர் ஓரமாக நின்றார்கள். யாரும் உட்காரவில்லை. இரைச்சல், பிறகு ஒரு பெண் குரல். மீட்புப் படகு இந்த இடத்தில் இருக்கிறது, இந்தப் பக்கமாகத் தேடுகிறது என்று. தெளிவாக, நிறுத்தி நிறுத்தி.

உன் குரலை எனக்குத் தெரியாதா?

யாரிடமும் சொல்லவில்லை. சுவரில் சாய்ந்துகொண்டேன். நீ மறுபடி பேசினாய், மறுபடியும். கவிழ்ந்த படகு ஒன்று தெரிகிறது என்றாய். பிறகு ரொம்ப நேரம் ஒன்றுமில்லை. பிறகு, "ஒருத்தரை எடுத்துட்டோம். டாக்டர் அவசரமில்லை" என்றாய். நின்றவர்கள் ஒவ்வொருவராகத் தொப்பியைக் கழற்றினார்கள். போர்கில்ட் ரேடியோவை நிறுத்தவில்லை. கையைத் துடைத்துக்கொண்டே இருந்தாள்.

பிறகு கெர்த் தொலைபேசியில் கூப்பிட்டாள். அவளுக்குச் சொல்லிவிட்டார்கள். "நீங்களே சொல்லிடுங்க சார். வேற யாராவது சொல்றதுக்கு முன்னாடி. நான் போன்ல சொல்லமாட்டேன்" என்றாள்.

முற்றத்தைத் தாண்டித் திரும்பி நடந்தேன். யோருன் மேசையில் இருந்து எழுந்து, "கண்டுபிடிச்சிட்டாங்களா சார்?" என்றாள்.

"கண்டுபிடிச்சிட்டாங்க" என்றேன்.

அவள் சிரித்தாள். நான் ஆரம்பித்த விதம் தப்பு, சிக்னே. அந்தச் சிரிப்பை நான்தான் வரவழைத்தேன். பிறகு நானேதான் அதை எடுக்க வேண்டியிருந்தது. "யோருன், அப்பா செத்துப் போயிட்டாரு" என்றேன். அத்தை எழுந்து அவளைப் பிடித்துக்கொண்டாள். நான் நின்றேன்.

அந்த நேரத்தில் உன்னை நினைத்தேன். நீ இருந்திருந்தால் அழகாகச் சொல்லியிருப்பாய். அழகாகச் சொல்லாததுதான் சரியோ என்று இப்போது தோன்றுகிறது. தெரியவில்லை.

நீ நன்றாக இருக்கிறாயா? அதை மட்டும் எழுது.

ஹால்வர்


ரெய்ன்விக்,
பிப்ரவரி 3, 1982

ஹால்வர்,

நன்றாக இருக்கிறேனா என்று சொல்லத் தெரியவில்லை. தூங்குகிறேன், சாப்பிடுகிறேன், படகின் தளம் துடைக்கிறேன்.

ரேடியோவை ஓட்வார்தான் என் கையில் கொடுத்தார். "டீச்சர் குரலு, எல்லாருக்கும் புரியும், நீயே பேசு" என்றார். எந்தக் குரலை விட்டு ஓடி வந்தேனோ அதையே. அந்தக் குரலில்தான் நீங்கள் எல்லோரும் அந்தச் செய்தியைக் கேட்டீர்கள் என்று இப்போது தெரிகிறது. யார் கேட்கிறார்கள் என்று அப்போது நினைக்கவே இல்லை. நினைத்திருந்தால் பேசியிருக்க முடியாது.

படகின் அடிப்பக்கம் மேலே இருந்தது. ஒவ்வொரு அலைக்கும் பின்பக்கம் கொஞ்சம் எழும்பும். அப்போது எழுத்து தெரிந்தது, தலைகீழாக. யோருன் என்று படித்துவிட்டு உன் கடிதத்தை நினைத்தேன். "இவரை எனக்குத் தெரியும்" என்று கத்தினேன். எப்படித் தெரியும் என்று யாரும் கேட்கவில்லை. அவர் படகுக்கு அந்தப் பக்கம், உயிர்மிதவை இல்லாமல், கயிற்றில் கை சிக்கியபடி இருந்தார். ஓட்வார் படகை ஓரமாக நிறுத்தினார். நானும் கிறிஸ்டெனும் கொக்கியால் இழுத்து, கையால் பிடித்து, தூக்கினோம். முதல் தடவை நழுவிவிட்டார். இரண்டாம் தடவை தூக்கிவிட்டோம்.

எவ்வளவோ நேரம் அவர் நெஞ்சை அமுக்கினோம். ஓட்வார்தான் போதும் என்றார். கரை வரும்வரை நான் கீழே அவர் பக்கத்தில் இருந்தேன். அவர் முகம் எனக்கு இப்போதும் தெரிகிறது. தாடியில் ஒரு பக்கம் மட்டும் நரை. காதோரம் ஒரு சின்ன வெட்டுத் தழும்பு.

துறையில் இறங்கியதும் ஓட்வார் சொன்னார்: "வீட்டுக்குப் போ. நாளைக்கு வரணும்னு தோணிச்சுன்னா வா. வரலன்னா இங்க யாரும் உன்னை ஒண்ணும் சொல்லமாட்டாங்க. நானும் ஒரு தடவை வராம இருந்திருக்கேன்."

காலையில் போனேன். அவர் என் பக்கம் காப்பிக் கோப்பையைத் தள்ளினார். அப்போது முடிவு செய்தேன். இந்த வேலையிலேயே இருக்கப் போகிறேன், முறையாகக் கற்றுக்கொள்ளப் போகிறேன். பூடோவில் கடலோட்டப் பள்ளி இருக்கிறது. ஆகஸ்டில் சேர்க்கை. விண்ணப்பம் போட்டுவிட்டேன். படித்து முடித்தால் ஒருநாள் படகைச் செலுத்தும் இடத்தில் நான் நிற்கலாம். அன்று நழுவினாரே, அதற்கு அலை ஒரு காரணம். படகு நின்ற கோணமும் ஒரு காரணம். அதையெல்லாம் தெரிந்துகொள்ள வேண்டும் எனக்கு.

அம்மாவுக்கு எழுதினேன். பதில் இல்லை.

அந்தப் பிள்ளையிடம் நீ சொன்னது தப்பில்லை. கண்டுபிடித்தது உண்மைதானே.

சிக்னே


ஸ்கார்வெய்,
மார்ச் 14, 1982

சிக்னே,

யோருன் பள்ளிக்கு வருகிறாள், எழுதுகிறாள், கணக்குப் போடுகிறாள். வாயைத் திறப்பதில்லை. கேட்டால் தலையாட்டுவாள். பிள்ளைகள் பழகிவிட்டார்கள். எனக்குப் பழகவில்லை.

போன வாரம் என் மேசைக்கு வந்து நின்றாள். "எங்கப்பாவைக் கடல்லருந்து எடுத்தவங்களைப் பாக்கணும்." அவ்வளவுதான், போய் உட்கார்ந்துவிட்டாள். கெர்த்திடம் பேசினேன். வரச் சொல்லலாம் என்றாள். எடுத்தவர்களில் நீயும் ஒருத்தி என்று அப்போதுதான் அவளிடம் சொன்னேன். போர்கில்ட்டிடமும் சொன்னேன். "அன்னிக்கே உங்க மூஞ்சியப் பார்த்து நினைச்சேன்" என்றாள்.

உன்னைக் கட்டாயப்படுத்தவில்லை. வந்தால் வகுப்பில் நிற்க வேண்டியதில்லை. அவர்கள் வீட்டில் உட்கார்ந்தால் போதும். ஈஸ்டர் விடுமுறையில் கப்பல் இருக்கிறது.

இன்னொரு செய்தி. ட்ரொண்ட்ஹெய்மிலிருந்து ஒருவர் இரண்டாவது வேலைக்கு விண்ணப்பித்திருக்கிறார். கொஞ்சம் வயதானவர், மனைவி இறந்துவிட்டாளாம். பிள்ளைகள் அக்கரை விடுதிக்குப் போக வேண்டியதில்லை. மாடி அவருக்கு, கீழ்த்தளம் எனக்கு. அந்த வீட்டைப் பற்றி நீ இனி யோசிக்க வேண்டாம்.

ஹால்வர்


ரெய்ன்விக்,
ஏப்ரல் 19, 1982

ஹால்வர்,

கெர்த் வீட்டில் என்ன பேசினோம் என்று நீ கேட்கவில்லை. வெளியே படியில் உட்கார்ந்திருந்தாய். கப்பலுக்கு நடக்கும்போதும் கேட்கவில்லை. அதனால் எழுதுகிறேன்.

உள்ளே போகப் பயமாக இருந்தது. பயிற்சி வகுப்பில் முதல் நாள்கூட அப்படி இல்லை. கெர்த் காப்பி வைத்தாள். வாஃபிள் அப்பம், பழுப்புப் பாலாடைக்கட்டி. யோருன் எனக்கு நேர் எதிரே உட்கார்ந்து என் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எங்கப்பாவை எடுத்தது நீங்களா?"

"நானும் ஓட்வாரும் கிறிஸ்டெனும்."

"அவரு கூப்பிட்டாரா?"

"இல்ல. நாங்க போறப்ப அவரு உயிரோட இல்ல."

கெர்த் அப்படியே நின்றுவிட்டாள். நிறுத்தச் சொல்வாள் என்று நினைத்தேன். சொல்லவில்லை.

"அப்புறம் எங்க வச்சீங்க?"

"கீழ, கேபின்ல. என் படுக்கையில."

"உங்க படுக்கையிலயா?"

"ஆமா. அதுதான் பக்கத்துல இருந்துச்சு."

"நனைஞ்சிருக்குமே."

"நனைஞ்சுது. அப்புறம் காயப் போட்டுட்டேன்."

"இப்பவும் அதுலதான் தூங்கறீங்களா?"

"ஆமா."

"பயமா இல்லியா?"

"இல்ல. எனக்கு அவரைத் தெரியும்ல. நீ கேக்கற கேள்விய எல்லாம் உங்க சார் எனக்கு எழுதுவாரு, உங்கப்பாவைப் பத்தியும் எழுதியிருக்காரு."

அவள் பாலாடைக்கட்டியை மெல்லிசாகச் சீவி, என் தட்டில் இருந்த வாஃபிள் மேல் வைத்தாள். பிறகு தனக்கும் ஒன்று சீவிக்கொண்டாள். கெர்த் உட்கார்ந்து, முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். நாங்கள் இரண்டு பேரும் சாப்பிட்டோம். அவ்வளவுதான் நடந்தது.

ஒன்றையும் நான் அழகாகச் சொல்லவில்லை. எனக்குத் தெரிந்ததை மட்டும் சொன்னேன்.

இனி நம்மைப் பற்றி. கடலோட்டப் பள்ளியில் இடம் கிடைத்துவிட்டது. இரண்டு வருடம் பூடோவில் இருப்பேன். அங்கே எத்தனையோ பள்ளிகள் இருக்கின்றன, எல்லாவற்றிலும் ஆசிரியர் தேவை. ஒரு அறை எடுத்தால் இரண்டு பேர் இருக்கலாம். கப்பலடியில் நீ என் பையைக் கையில் கொடுத்தபோது இதைச் சொல்ல வாயெடுத்தேன். மறுபடியும் மணி அடிக்கிற நேரத்தில் ஒன்றைச் சொல்லக் கூடாது என்று விட்டுவிட்டேன்.

என்னோடு வருவாயா?

அப்பா போனில் பேசினார். "உங்கம்மா கடல் வானிலை கேக்க ஆரம்பிச்சிட்டா" என்றார். என்னோடு இன்னும் பேசவில்லை.

சிக்னே


ஸ்கார்வெய்,
மே 9, 1982

சிக்னே,

உனக்குப் பதில் எழுத இவ்வளவு நாள் ஆனதற்குக் காரணம், பூடோவில் இரண்டு பள்ளிகளுக்கு விண்ணப்பம் எழுதியதுதான். நல்ல விண்ணப்பங்கள். ஒன்றிலிருந்து வரச் சொல்லி அழைப்பும் வந்தது. ஒரு நாள் முழுக்க நான் உன்னோடு பூடோவில்தான் இருந்தேன். மறுநாள் வகுப்புக்குள் போனேன். பிள்ளைகளை உட்காரச் சொல்லாமலே ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

என்னால் வர முடியாது.

யோருன் ஒருத்திக்காக மட்டும் இல்லை. அவள் இப்போது பக்கத்தில் இருப்பவளிடம் பேசுகிறாள், என்னிடம் பேசவில்லை, அதுவும் வரும். போர்கில்ட் இரண்டு வேலையையும் இழுக்கிறாளே என்பதற்காகவும் இல்லை. எனக்காகத்தான். நீ உன் வேலையை எப்படிக் கண்டுபிடித்தாய் என்று கடிதம் கடிதமாகப் படித்தேன். கயிற்றைப் பார்த்துக்கொண்டு நின்றபோது உனக்கு என்ன ஆயிற்று என்று எழுதினாயே, அது எனக்கு இந்த அறையில், இந்தப் பிள்ளைகளோடு ஆகிறது. வேறு ஊரில் வேறு பிள்ளைகளோடும் ஆகலாம். இப்போது எழுந்து போனால் ஆகாது என்று தோன்றுகிறது. உன்னை இழுத்து இந்த வீட்டில் உட்கார வைத்திருந்தால் உனக்கு என்ன நடந்திருக்குமோ, அது எனக்கு அங்கே நடக்கும். அதை நீ பக்கத்தில் இருந்து பார்க்க வேண்டியிருக்கும்.

நீ சொன்னதைக் கேட்டு நான் கோபப்பட்டேன். நீ என்மேல் கோபப்படலாம். கொஞ்ச நாள் எழுதாமல்கூட இருக்கலாம். அதற்கெல்லாம் உனக்கு உரிமை உண்டு.

ஆனால் முடிந்துவிட்டது என்று நான் எழுதவில்லை. போர்கில்ட் நேற்று தபாலைக் கொடுத்துக்கொண்டே, "அந்தப் பொண்ணு இங்க வந்துருவாளா, நீங்க அங்க போயிருவீங்களா?" என்று கேட்டாள். இரண்டும் இல்லை என்றேன். "அப்ப எப்படி?" என்றாள். எனக்குத் தெரியவில்லை என்றேன். அவளுக்கு அந்தப் பதில் பிடிக்கவில்லை. எனக்கும்தான்.

நான் இங்கே இருப்பேன். நீ அங்கே இருப்பாய். நடுவில் இருக்கிற தண்ணீரை என்னைவிட உனக்கு நன்றாகத் தெரியும், இனி இன்னும் நன்றாகத் தெரியப் போகிறது. நாம் சந்தித்துக்கொள்ள ஒரு வழி கண்டுபிடித்துச் சொல். நான் வருகிறேன்.

ஹால்வர்